ஸ்டென் என்பது பெயரா, பதவியா?

கேள்வி: டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ் என்ற வீடியோ கேமை இப்போதுதான் விளையாட ஆரம்பித்திருக்கிறேன். ஆர்ல் ஈமன், பான் டீகன், ஆர்ல் ஹோவ், செர் காத்ரியன் என்று வருகிறார்களே, இதில் எது பெயர், எது பட்டம்? ஈமனும் டீகனும் அண்ணன் தம்பி என்கிறார்கள். பிறகு ஏன் முன்னால் வேறு வேறு சொல்? கூட வரும் ஸ்டென்னுக்கு அதுதான் பெயரா?

பதில்: முன்னால் வருவது பட்டம், அது ஆளும் நிலத்தைப் பொறுத்தது. ஃபெரெல்டன் நாட்டில் அரசருக்கு அடுத்த படி டெய்ர்ன், அதற்குக் கீழே ஆர்ல், அதற்கும் கீழே பான். ஈமன் ரெட்கிளிஃபை ஆள்வதால் ஆர்ல். தம்பி டீகனிடம் இருப்பது ரெயின்ஸ்ஃபியர் என்ற சிறிய பகுதி, அதனால் பான். இருவருக்கும் குடும்பப் பெயர் கெரின். செர் என்பது வீரப்பட்டம். ஆண், பெண் இருவருக்கும் ஒன்றேதான். காத்ரியன் ஒரு பெண்.

பட்டத்துக்குப் பின்னால் வருவது எப்போதும் சொந்தப் பெயர் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈமன் சொந்தப் பெயர், ஆனால் ஹோவ் குடும்பப் பெயர்; அவருடைய சொந்தப் பெயர் ரெண்டன். டெய்ர்ன் லோகெய்னில் மறுபடியும் சொந்தப் பெயர். சந்தேகம் வந்தால் விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் கோடெக்ஸ் என்ற தகவல் தொகுப்பைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் முழுப்பெயர் அங்கே கிடைக்கும்.

ஸ்டென் விஷயம் வேறு. அது பெயரே இல்லை, அவருடைய மக்களான குனாரிகளின் படையில் ஒரு பதவி. குன் என்ற நெறியில் வாழ்கிறவர்களை அவர்கள் செய்யும் வேலையை வைத்துத்தான் அழைப்பார்கள். வேலை மாறினால் அழைக்கும் சொல்லும் மாறும். பிளைட் என்ற அரக்கப் படையெடுப்பு என்ன என்று அறிந்துவர அவரை அனுப்பிய அரிஷாக்கும் அப்படித்தான், படைத்தலைவர் பதவிக்கே அந்தச் சொல். பின்னாளில் வந்த காமிக்ஸில் நம் ஸ்டென்னே அரிஷாக் ஆகிவிடுகிறார். இதே வரிசையில் 2014இல் வந்த இன்குவிசிஷன் விளையாட்டில் அயர்ன் புல் என்பவரைச் சந்திப்பீர்கள். அது அவராகவே வைத்துக்கொண்ட பெயர். குனாரிகள் அவருக்குக் கொடுத்தது ஹிஸ்ராட் என்ற பதவிச்சொல்.

நீங்கள் பெண் வார்டனாக (பிளைட்டை எதிர்க்கும் கிரே வார்டன் படையில் ஒருவராக, அதுதான் உங்கள் பாத்திரம்) விளையாடினால் ஸ்டென் குழம்பிப்போவதும் இதனால்தான். அவர் வளர்ந்த இடத்தில் போர் செய்வது பெண்ணின் வேலை அல்ல. ஒருவர் யார் என்பதும் அவர் செய்யும் வேலையும் ஸ்டென்னுக்கு ஒன்றுதான்; எனவே நீங்கள் பெண்ணாகவும் போராளியாகவும் இருப்பதை அவரால் ஏற்க முடிவதில்லை. அவரைக் கோபக்காரர் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். முகாமில் அடிக்கடி பேசுங்கள். இந்த விளையாட்டில் மிக ஆழமாக எழுதப்பட்ட பாத்திரங்களில் அவரும் ஒருவர் என்பது என் கருத்து.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் பாத்திரத்துக்கு எந்தப் பெயர் வைத்தாலும் யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நீங்கள் தட்டச்சு செய்யப்போகும் பெயரை நடிகர்கள் முன்கூட்டியே பேசிப் பதிவுசெய்ய முடியாதே! அதனால்தான் எல்லோரும் வார்டன் என்கிறார்கள். மனிதப் பிரபுவாகத் தொடங்கினால் கஸ்லண்ட் என்ற குடும்பப் பெயர் ஏற்கெனவே உங்களுக்கு உண்டு. பெயர் கேட்கும் இடத்தில் அதை மறுபடி எழுத வேண்டாம், சொந்தப் பெயர் போதும்.