ஈராக் ஜெயித்தது அதிர்ஷ்டத்தாலா?

கேள்வி: 2007-இல் ஈராக் ஆசியக் கோப்பை கால்பந்தை ஜெயித்ததை இன்னமும் அதிசயம் என்கிறார்கள். அந்த ஒரு மாதம் அவர்களுக்கு நேரம் நன்றாக இருந்தது, அவ்வளவுதானே?

பதில்: நேரம் நன்றாக இருந்ததா? உள்நாட்டில் சண்டை நடந்ததால் சொந்த மண்ணில் ஆட வேண்டிய ஆட்டங்களையே வெளிநாட்டில் போய் ஆடிய அணி அது. பிரேசிலில் பிறந்த பயிற்சியாளர் ஜோர்வான் வியெராவுக்குக் கிடைத்ததோ சுமார் இரண்டு மாத அவகாசம். ஆனால் ஆட்டக்காரர்கள் புதியவர்கள் இல்லை, இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் கிறிஸ்டியானோ ரொனால்டோ இருந்த போர்ச்சுகல் அணியை 4-2 என்று தோற்கடித்து, நான்காம் இடம்வரை வந்தார்களே, அந்த அணியில் இருந்த யூனிஸ் மஹ்மூத், நஷாத் அக்ரம், ஹவார் முல்லா முகமது, கோல்கீப்பர் நூர் சப்ரி எல்லோரும் 2007-லும் இருந்தார்கள். பல வருடம் சேர்ந்து ஆடியவர்கள். ஆஸ்திரேலியாவை 3-1 என்று அடித்ததும், மொத்தம் ஆறு ஆட்டங்களில் இரண்டே கோல் வாங்கியதும், காலிறுதியிலிருந்து ஒரு கோல்கூட விடாததும் அதிர்ஷ்டத்தால் நடக்கிற காரியமா என்ன?

கேள்வி: இறுதிப் போட்டியில் ஆடாமல் விலகிவிடலாமா என்று யோசித்தார்களாமே?

பதில்: ஆமாம், ஆட்டக்காரர்களே அப்படிப் பேசினார்கள். அரையிறுதியில் தென் கொரியாவை பெனால்டியில் வென்றதும் பாக்தாத்தில் ஜனங்கள் கொண்டாட வீதிக்கு வந்தார்கள், அந்தக் கூட்டத்தில் குண்டு வெடித்து சுமார் 50 பேர் இறந்துபோனார்கள். நாம் ஜெயித்ததால்தானே இவர்கள் வெளியே வந்தார்கள் என்று நினைத்தால் யாருக்குத்தான் பந்தைத் தொட மனசு வரும்? அப்போது, மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் தொலைக்காட்சியில் வந்து, நீங்கள் கோப்பையை ஜெயிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதன்பிறகு பின்வாங்குகிற பேச்சே எழவில்லை.

ஜூலை 29, ஜகார்த்தா. எதிரே, அதற்குள் மூன்று முறை கோப்பையை வாங்கியிருந்த சவூதி அரேபியா. குர்து இனத்தவரான ஹவார் கார்னரிலிருந்து அடித்த பந்தை சன்னி பிரிவைச் சேர்ந்த கேப்டன் யூனிஸ் தலையால் முட்டி வலைக்குள் தள்ள, 1-0. ஷியா, சன்னி, குர்து என்று நாடே பிரிந்து அடித்துக்கொண்டிருந்த வருடத்தில் இந்த மூன்று தரப்பும் ஒரே சட்டையில் நின்ற அணி அது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஒரு கோலின் கனம் புரியும்.

கேள்வி: அப்புறம் ஏன் காணாமல் போனார்கள்?

பதில்: காணாமல் போகவில்லையே! இரண்டாவது கோப்பை வரவில்லை, அது சரி. ஆனால் 2015 ஆசியக் கோப்பை காலிறுதியில் ஈரானோடு 3-3 என்று இழுத்துப் பிடித்து பெனால்டியில் வென்று அரையிறுதிக்குப் போனார்கள். அந்த அணியின் கேப்டனும் இதே யூனிஸ் மஹ்மூத்தான்.