தம்பியின் கைக்குத் திரும்ப வேண்டியவை

கேள்வி: ஒட்டுசுட்டானில் இருக்கிறோம். தென்னையில் ஏறிய என் தம்பி (27 வயது) சென்ற வருடம் தவறி விழுந்ததில் அவனுக்கு முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டது. இடுப்புக்குக் கீழே இயக்கமும் உணர்வும் இல்லை. கைகள் நன்றாக இயங்குகின்றன. சலம் எடுப்பது முதல் உடுப்பு மாற்றுவது வரை எல்லாம் நானும் அம்மாவும்தான். அவன் ஒருவருடனும் பேசுவதில்லை. "உங்களுக்கு நான் பாரம்" என்று மட்டும் சொல்கிறான். அவனுக்கு எப்படித் தைரியம் கொடுப்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உழைத்துக் குடும்பத்துக்குக் கொடுத்த ஓர் இளைஞன், இன்று எந்த உடுப்பைப் போடுவது என்பதைக்கூடத் தானே தீர்மானிக்காத நிலையில் கிடக்கிறான். "நான் பாரம்" என்று அவர் சொல்வது தன்னுடைய ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதைத்தான். அந்த நாள் மாறாதவரை எவ்வளவு ஆறுதல் சொன்னாலும் அவருக்குள் இறங்காது. அவருடைய கைகள் நன்றாக இயங்குகின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அங்கிருந்து தொடங்குங்கள்.

மருத்துவர் அனுமதித்தால், நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குழாய் செலுத்திச் சலம் எடுப்பதை அவரே பழகலாம், தாதியர் கற்றுக்கொடுப்பார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும்போது கால் மணி, அரை மணிக்கு ஒருதடவை கைகளை ஊன்றி உடம்பை உயர்த்துவதும், இரவில் சிறு கண்ணாடியைப் பிடித்துத் தோலில் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் அவருடைய வேலையாகட்டும். தொடக்கத்தில் நேரம் எடுக்கும், படுக்கை நனையும். அப்போது ஓடிப்போய்ச் செய்துகொடுக்காமல் இருப்பது உங்கள் அம்மாவுக்குத்தான் மிகவும் கடினமாக இருக்கும். ஆனால் படுக்கைப்புண்ணும் சலத்தொற்றும் வந்து மறுபடி வைத்தியசாலையில் படுக்க நேரும் ஒவ்வொரு முறையும் மனமும் சேர்ந்தே விழுகிறது என்பதால், இந்தப் பராமரிப்பை மனநலத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

ஐரோப்பிய நாடுகளில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2012இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய பாதிப்பேர் பெரிய மனச்சோர்வுக்கு ஆளாகாமலே இருந்தார்கள். மற்றவர்களிலும் ஒரு பகுதியினர் காலப்போக்கில் தேறினார்கள். ஆகவே முதல் வருடத்து மௌனத்தை வைத்து உங்கள் தம்பியின் வாழ்நாளை அளந்துவிடாதீர்கள்.

மனவுறுதியை மனத்துக்குள் மட்டும் தேடுவதும் தவறு என்றே நான் நினைக்கிறேன். வன்னியின் மணல் முற்றத்தில் நாற்காலிச் சில்லுப் புதைந்தால், எவ்வளவு மனவுறுதி உள்ளவரும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான். வாசலிலிருந்து படலை வரை ஒரு சீமெந்துப் பாதை, நாற்காலி நுழையும் அகலத்தில் மலசலகூடக் கதவு, உள்ளே இருக்கை உயரத்தில் கொமட், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி ஆகியவை வேண்டும். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் இவற்றுக்கு உதவி கேளுங்கள். எங்கே என்ன அமைய வேண்டும் என்பதைத் தம்பியே சொல்லட்டும்.

2009இல் போரின்போது செல் (எறிகணை) காயத்தால் இதே நிலைக்கு வந்து, இன்றும் உழைத்து வாழ்பவர்கள் வன்னியில் இருக்கிறார்கள். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே உயிரிழை என்ற அமைப்பும் இயங்குகிறது. அப்படிப்பட்ட ஆண் ஒருவரை அழைத்து, இருவரையும் தனியே பேசவிடுங்கள். கலியாணம், தாம்பத்தியம், பிள்ளை பற்றிய கேள்விகள் அவருக்குள் நிச்சயமாக இருக்கும். அவற்றை அக்காவிடம் கேட்க முடியாது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமோ சாப்பாடோ குறைந்து, எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். உணர்வற்ற காலில் எரிவும் குத்தும் இருப்பதாக அவர் சொன்னால் நம்புங்கள்; அது நரம்புவலி, அதற்கு மருந்துண்டு.

அடுத்த கிளினிக் நாளில் மருத்துவரிடம் அவரே பேசட்டும். நீங்கள் வெளியே காத்திருங்கள்.