கேள்வி பதில்: கையெழுத்து உங்களுடையது

விமானப் பராமரிப்பில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. அவற்றில் நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மூன்று வருடமாக மெக்கானிக்காக இருக்கிறேன். போன வாரம் ஒரு வேலையில் கடைசிச் சோதனை பாக்கி இருந்தது. "அதை அடுத்த ஷிஃப்ட் பார்த்துக்கொள்ளும், நீ கையெழுத்துப் போடு" என்றார் மேலாளர். மறுத்துவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் செய்தது சரியா?

பதில்: சரிதான் தம்பி. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பதிவேட்டில் இருக்கப்போவது உங்கள் பெயர். நாளை விசாரணை என்று வந்தால், வாய்மொழியாகச் சொன்னது காற்றோடு போய்விடும்.

"அடுத்த ஷிஃப்ட் பார்த்துக்கொள்ளும்" என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு 1991 செப்டம்பர் 11 நினைவுக்கு வரும். அமெரிக்காவில் கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574. முந்தின இரவு ஹேங்கரில், அதாவது பராமரிப்புக் கொட்டகையில், அந்த விமானத்தின் வால் பகுதியில் வேலை நடந்தது. கிடைமட்ட வாலின் இடப்பக்க முன்விளிம்பில், மேல்வரிசை ஸ்க்ரூக்கள் 47-ஐயும் கழற்றினார்கள். ஷிஃப்ட் மாறியது. கழற்றிய விஷயம் அடுத்து வந்தவர்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. அவர்கள் வலப்பக்க வேலையை மட்டும் முடித்தார்கள். வால் உயரத்தில் இருப்பதால், தரையில் நின்று பார்த்தால் மேல்பக்கம் தெரியாது. காலையில் விமானம் பறந்தது. முன்விளிம்பு நடுவானில் பிய்ந்துபோய், இருந்த 14 பேரும் இறந்தார்கள். கழற்றியவர் ஒன்றும் சோம்பேறி அல்ல, உதவி செய்ய ஏறிய பரிசோதகர். இடப்பக்கம் கழற்றியதைத் தெளிவாக எழுதாமல் விட்டார், அவ்வளவுதான்.

அதனால் கையுறையைக் கழற்றும் முன்பே எழுதிவிடுங்கள். எந்த வேலை, எந்தப் படி வரை முடிந்தது, எது பாக்கி என்று. மேலாளர் மறுபடி வற்புறுத்தினால் சண்டை வேண்டாம். "சரி சார், சோதனை பாக்கி இருக்கும்போதே விமானத்தைப் பறக்க விடலாம் என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். என் அனுபவத்தில் ஒருவர்கூட எழுதிக் கொடுத்ததில்லை. அவர் முகம் கொடுக்காதது வலிக்கத்தான் செய்யும், எனக்கும் வலித்திருக்கிறது. ஆனால் பாக்கி வேலை தெரிந்தே போட்ட கையெழுத்தோடு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் வராது.

கேள்வி: ஒரு போல்ட் மாறிப்போனால் அவ்வளவு பெரிய விமானத்துக்கு ஆபத்து என்பது மிகைப்படுத்தல்தானே?

பதில்: இல்லை. 1990 ஜூன் 10-ஆம் தேதி பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390-இல் விமானியின் முன்கண்ணாடி 17,300 அடி உயரத்தில் பெயர்ந்து போனது. கேப்டனின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது. சிப்பந்திகள் அவரைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி விமானத்தைத் தரையிறக்கினார். எல்லோரும் பிழைத்தார்கள். அதற்கு முன் ஓர் இரவில் மாற்றிய கண்ணாடி அது. அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84-இன் விட்டம் 0.026 அங்குலம் குறைவு, மீதி ஆறு நீளம் குறைவு. மாற்றியவர் அந்த ஷிஃப்டின் மேலாளரே. பழைய போல்ட்டோடு ஒப்பிட்டு, கண்ணால் பார்த்தே புதியதை எடுத்தார். அனுபவசாலிக்கும் அதிகாலை மூன்று மணிக்குக் கண் ஏமாற்றும். பாகத்தின் எண்ணைப் புத்தகத்தில் பார்ப்பது அதற்காகத்தான்.

கேள்வி: நானும் மெக்கானிக்காக இருந்து மேலாளர் ஆனவன். தவறு செய்தவரைத் தண்டிக்காமல் விட்டால் ஒழுங்கு எப்படி நிற்கும்?

பதில்: உங்கள் கேள்வியில் நேர்மை இருக்கிறது, அதனால் என் கதையையே சொல்கிறேன்.

ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து கருவிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் வடிவத்தில் பஞ்சில் பள்ளம் வெட்டியிருக்கும். மேலே கறுப்பு, அடியில் மஞ்சள், காலியாக இருந்தால் பளிச்சென்று தெரிவதற்காக. போல்ட் முடுக்கும் சின்ன ரேட்சட்டின் இடம் மஞ்சளாக இருந்தது. சட்டைப்பை, தள்ளுவண்டி, துணி வாளி என்று எல்லாம் தேடினேன், இல்லை. அதற்குள் விமானத்தில் பயணிகள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். போனை எடுத்து, நிறுத்தச் சொன்னேன். சக்கரம் மடங்கும் அறைக்குள், இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் ஃபிளாப்பை இயக்கும் தண்டுக்குப் பக்கத்தில் ரேட்சட் கிடந்தது. இரண்டு மணி நேரத் தாமதம். மறுநாள் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன். இரண்டு வாரம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். அடுத்த பல மாதங்கள் எங்கள் ஷிஃப்டில் கருவி தொலைந்ததாக ஒரு புகார்கூட இல்லை. நிர்வாகம் மகிழ்ந்தது. ஒரு நாள் நண்பர் ஒருவரின் பெட்டியில் புத்தம்புது ஸ்க்ரூடிரைவர் ஒன்றைப் பார்த்தேன். எங்கள் கருவிகளில் எல்லாம் எண் பொறித்திருக்கும், அதில் இல்லை. "பழையது எங்கே?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் பெட்டியை மூடினார். அந்தப் பழைய ஸ்க்ரூடிரைவர் எந்த விமானத்துக்குள் போயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

குடித்துவிட்டு வேலைக்கு வருபவரை, செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதுபவரைத் தண்டியுங்கள், நானும் உங்கள் பக்கம். மற்றத் தவறுகளில் முதலில் ஒன்று கேளுங்கள்: இதே வெளிச்சம், இதே அவசரம், இதே ஆள் குறைவில் இன்னொரு நல்ல மெக்கானிக்கும் இதைச் செய்திருப்பாரா? ஆம் என்றால் திருத்த வேண்டியது உங்கள் ஏற்பாட்டை. மேலே சொன்ன 47 ஸ்க்ரூ விபத்தில் விசாரணை வாரியம் பராமரிப்பு ஊழியர்களும் பரிசோதகர்களும் நடைமுறையைப் பின்பற்றாததையே முதன்மைக் காரணமாக எழுதியது. ஜான் லாபர் என்ற உறுப்பினர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை; நடைமுறையைப் பின்பற்ற ஊக்குவிக்கும் பண்பாட்டை நிர்வாகம் வளர்க்காததும் காரணம் என்று தனியாக எழுதிவைத்தார். 2000-இல் 88 பேரைப் பலிகொண்ட அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 விபத்தில், வாலை அசைக்கும் திருகுத் தண்டுக்குப் போதிய கிரீஸ் போடாமல் மரை தேய்ந்துபோயிருந்தது. கிரீஸ் போடும் இடைவெளியை நீட்டியது எந்த மெக்கானிக்கும் அல்ல. அது மேஜையில் எடுத்த முடிவு.

கேள்வி: என் கணவர் விமான மெக்கானிக். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தால், "அந்த மூடியைப் போட்டேனா?" என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். நான் என்ன சொல்லட்டும்?

பதில்: "போட்டிருப்பீர்கள், தூங்குங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள் அம்மா. அன்பால் சொல்வீர்கள், தெரியும். ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு மதிப்பு உண்டு. ஹேங்கரின் ஷிஃப்ட் மேஜை எண்ணை உங்கள் போனிலும் பதிந்து வையுங்கள். அவர் எழுந்து உட்கார்ந்ததும் எண்ணைப் போட்டு அவர் கையில் கொடுங்கள். அங்கே இருப்பவர் டார்ச்சோடு போய்ப் பார்த்துவிட்டு "இருக்கிறது" என்று சொல்லப் பத்து நிமிடம் ஆகும். அதுவரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.