ஆர்க்கிட் விதை: தொட்டியில் தூவாதீர்கள், பாட்டிலில் விதையுங்கள்

கேள்வி: இணையத்தில் '100 நீல ஆர்க்கிட் விதைகள்' என்று ஒரு பாக்கெட் வாங்கி, தென்னை நார்க்கழிவில் தூவினேன். இரண்டு மாதமாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. இதற்கிடையே மாடியில் இருக்கும் டென்ட்ரோபியம் ஆர்க்கிட் செடியில் ஒரு காய் பிடித்திருக்கிறது. பூ வாடிப் பத்து வாரம் ஆகிறது. அந்த விதையையாவது வீட்டில் முளைக்க வைக்க முடியுமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: முடியும். முதலில் அந்தப் பாக்கெட்டைக் குப்பையில் போடுங்கள்.

ஆர்க்கிட் விதை என்பது தூசி. ஒரே காய்க்குள் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் லட்சக்கணக்கில் இருக்கும். அதில் 100 விதையை எண்ணிப் பாக்கெட் போட யாராலும் முடியாது. உங்களுக்கு வந்தது எள், கடுகு போலத் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்திருந்தால், அது ஆர்க்கிட்டே இல்லை. படத்தில் காட்டும் அந்த அடர்நீலப் பூவும் பெரும்பாலும் வெள்ளை ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்டின் தண்டில் சாயம் ஏற்றியது; அடுத்த பூ வெள்ளையாகத்தான் வரும். மிளகாய் விதை வாங்கினால்கூட முளைப்புத் திறனும் காலாவதித் தேதியும் அச்சிட்டிருப்பதைப் பார்க்கிறோம். இந்தப் பாக்கெட்டுகளில் அவை எதுவும் இல்லை. வாங்கி ஏமாந்தவர்கள் புகார் எழுதிக்கொண்டே இருக்க, அதே படம் வேறு கடைப் பெயரில் மறுபடி விற்பனைக்கு வருகிறது. இதைத் தடுப்பது அவ்வளவு பெரிய வேலையா?

அசல் விதையாகவே இருந்தாலும் நார்க்கழிவில் முளைக்காது. நெல்லுக்குள் இருக்கும் மாவுச்சத்து போன்ற சேமிப்பு ஆர்க்கிட் விதைக்குள் கிடையாது. காட்டில் ஒரு வகைப் பூஞ்சைதான் அதற்கு ஊட்டுகிறது. 1899-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயல் பெர்னார் இதைக் கண்டறிந்தார். பூஞ்சைக்குப் பதில் சர்க்கரை கொடுத்தாலே போதும் என்று 1922-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் காட்டினார். நாம் செய்யப்போவதும் அதுதான். இதைச் சொன்னதும் உரக்கடைக்காரர் 'வேம்' பவுடரை எடுத்து நீட்டுவார். வாங்காதீர்கள். அது மற்ற பயிர்களின் வேரில் வாழும் வேறு பூஞ்சை, ஆர்க்கிட் விதைக்கு உதவாது.

காயை மூன்றரை மாதத்துக்கு முன் பறிக்க வேண்டாம். நான்கு மாதத்தைத் தாண்டவும் விடாதீர்கள். பச்சையாக, வெடிக்காமல் இருக்கும்வரை உள்ளே கிருமி இல்லை. வெளித்தோலைச் சுத்தம் செய்தால் போதும். வெடித்த காயின் விதையைக் கிருமி நீக்குவது தனி வேலை, வீட்டில் தொடக்கத்திலேயே அதில் இறங்க வேண்டாம்.

மீடியத்துக்கு, அதாவது விதை முளைக்கும் சத்துக் கூழுக்கு, 425 மில்லி ஆர்.ஓ. தண்ணீர், 75 மில்லி இளநீர், 10 கிராம் சர்க்கரை, அரை கிராம் 19:19:19 நீரில் கரையும் உரம், 4 கிராம் அகர் பவுடர். மளிகைக் கடைச் சைனா கிராஸ் இழை ஒரு தடவை இறுகும், மறு தடவை குழையும், பவுடரே வாங்குங்கள். அதையும் ரசாயனக் கடைகளில் அரைக் கிலோ டப்பாவாகத் தலையில் கட்டுவார்கள். கேக் சாமான் கடையில் சிறிய பாக்கெட் கிடைக்கும். அமிலத்தன்மை காட்டும் பிஎச் காகிதத்தில் 5.5-ஐ ஒட்டி இருக்கட்டும். 5-க்குக் கீழே போனால் அகர் இறுகாது. அப்போது மட்டும் சிட்டிகை சமையல் சோடா சேருங்கள். கொதிக்கவிட்டு, ஜாம் பாட்டில்களில் ஒரு அங்குல உயரம் ஊற்றி, மூடியை அரைச்சுற்று தளர்த்தி, குக்கரில் முதல் விசில் வந்தபின் சிறு தீயில் 20 நிமிடம் வையுங்கள். பிளேடு, இடுக்கி இரண்டையும் அலுமினியத் தாளில் சுற்றி அதே குக்கரில் வைத்துவிடுங்கள். ஆறியதும் மூடியை இறுக்கி ஐந்து நாள் சும்மா வையுங்கள். விதைக்காத பாட்டிலிலேயே பூசணம் வந்தால் கோளாறு குக்கரில், உங்கள் கையில் அல்ல.

விதைக்கும் நாளில் மின்விசிறியை நிறுத்துங்கள். கை நுழைய இரண்டு துளை போட்ட ஒரு தெளிந்த பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். அது காயும்வரை அருகில் நெருப்பே கூடாது. காயின் நுனியில் ஒட்டியிருக்கும் காய்ந்த பூ எச்சத்தை வெட்டி எறியுங்கள், பூசணம் ஒளிந்திருப்பது அங்கேதான். பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்துக் கழுவி, வாசனையில்லாத துணி ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்த கரைசலில் 15 நிமிடம் மூழ்க வையுங்கள். அதோடு கழிவறை ஆசிட் எதையும் கலக்காதீர்கள், விஷவாயு வரும். பிறகு பெட்டிக்குள் வைத்துக் காயை நீளவாக்கில் பிளந்து, பேனா முனையளவு விதையை மட்டும் ஒவ்வொரு பாட்டிலிலும் தட்டுங்கள்.

பாட்டில்கள் 25 டிகிரியை ஒட்டிய அறையில், டியூப்லைட் வெளிச்சத்தில் இருக்கட்டும். ஜன்னல் வெயிலில் வைத்தால் உள்ளே வெந்துவிடும். மூன்று முதல் ஆறு வாரத்தில் கசகசா அளவில் பச்சை மணிகள் தெரியும். வெள்ளைப் பஞ்சு போலப் படர்ந்தாலோ பால் போலக் கொழகொழத்தாலோ அந்தப் பாட்டிலைத் திறக்காமல் குக்கரில் வேகவைத்துக் கொட்டுங்கள். மூன்றாம் மாதம் புதிய மீடியத்துக்கு மாற்றும்போது அரை லிட்டருக்கு 25 கிராம் மசித்த வாழைப்பழம் சேர்க்கலாம். ஏறக்குறைய ஒரு வருடத்தில் வெளியே எடுக்கலாம். வேரில் அகர் துளியும் ஒட்டாமல் கழுவ வேண்டும். பூ பார்க்கக் குறைந்தது மூன்று வருடம். கலப்பினம் என்பதால் தாயின் நிறமே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு விலக்கு உண்டு. ஊதா நிறத்தில் பூக்கும் தரை ஆர்க்கிட், ஸ்பதோகுளோட்டிஸ். அதன் விதை பழைய தாய்ச்செடித் தொட்டியிலேயே விழுந்து முளைப்பது உண்டு. அங்கே வேரோடு பூஞ்சையும் ஏற்கெனவே இருப்பதால்தான். புதுக் கலவை நிரப்பிய தொட்டியில் அதே விதை ஏமாற்றிவிடும். தாய்ச்செடியின் அடியில், உரம் அதிகம் போடாத, ஈரம் காயாத இடத்தில் தூவினால் மட்டும் வாய்ப்பு. இதை வைத்துத்தான் 'எனக்கு மண்ணிலேயே வந்தது' என்று சிலர் சொல்கிறார்கள். பொய்யல்ல, ஆனால் உங்கள் டென்ட்ரோபியத்துக்கு அதை நம்பாதீர்கள்.

காயை வாங்கி விதைத்து, கண்ணாடிக் குடுவையில் நாற்றாகத் திருப்பித் தரும் கட்டணச் சேவை அமெரிக்காவில் பல காலமாக நடக்கிறது. இங்கே திசு வளர்ப்புக் கூடங்கள் ஆயிரக்கணக்கில் ஆர்டர் கேட்கின்றன. ஒற்றைக் காயோடு வரும் வீட்டுக்காரரை ஏன் திருப்பி அனுப்ப வேண்டும்?

இன்றைக்குக் காயைச் சுற்றி மெல்லிய வலைத்துணிப் பை ஒன்றைத் தளர்வாகக் கட்டி, பூ வாடிய தேதியை ஒரு சீட்டில் எழுதித் தொங்கவிடுங்கள். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் வெற்று மீடியத்தில் இரண்டு முறை குக்கர் பழகிக்கொள்ளுங்கள்.