மாநாடு நடக்கும் டிஸ்னி ஹோட்டலில் தங்குவது எப்படி? – கேள்வி பதில்

அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு அலுவலக மாநாடுகளுக்காக ஐந்து முறை போயிருக்கிறேன். அதில் மூன்று முறை குடும்பமும் கூட வந்தது. பெரும்பாலும் தங்கியது கொரனாடோ ஸ்பிரிங்ஸ் ஹோட்டலில், அதனால் பதில்களில் அதன் வாடை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, என் கணவருக்குக் கொரனாடோவில் நான்கு நாள் மாநாடு. நானும் ஆறு வயதுப் பையனும் கூடப் போகிறோம். ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருவார்களாம். கூட்டத்தில் மாட்டிக்கொண்டு முழிப்போமா?

பயப்பட வேண்டாம். மாநாட்டுக்காரர்கள் பகலில் டிஸ்னியின் தீம் பார்க்குகளுக்கு வரமாட்டார்கள், பாவம், உள்ளே ஸ்லைடு பார்த்துக்கொண்டிருப்பார்கள். நெரிசல் எல்லாம் ஹோட்டலுக்குள்தான். அதுவும் நாள் முழுக்க இருக்காது, வேளைக்கு ஒன்றாக அலை அலையாக வரும்.

காலை ஏழேகால் மணிக்கு கஃபே ரிக்ஸ் பக்கம் போய்ப் பாருங்கள். கழுத்தில் அட்டை தொங்க, ஒரு கையில் போனும் மறு கையில் லேப்டாப் பையுமாக வரிசை வளைந்து வெளியே வந்திருக்கும். எட்டே முக்காலுக்கு அதே இடத்துக்கு வந்தால், துடைக்காத மேசைகளும் பாதி குடித்த காபிக் கோப்பைகளும்தான் மிச்சம். மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை இன்னொரு அலை. சாயங்காலம் ஐந்தரைக்கு மூன்றாவது, இதுதான் பெரியது. லிஃப்ட், லாபி, பார், கடைகளும் உணவகங்களும் இருக்கும் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் போகும் பஸ் எல்லாம் ஒரே நேரத்தில் நிரம்பும்.

நீங்கள் இதற்கு எதிர்த்திசையில் நடந்தால் போதும். ஹோட்டலில் தங்குகிறவர்களுக்குப் பார்க் அரை மணி நேரம் முன்னதாகவே திறக்கும். அதற்கு ஏற்ற மாதிரிக் கிளம்பினால் காலை பஸ்ஸில் மாநாட்டுக் கூட்டமே இருக்காது. காபி வரிசை வேண்டாமென்றால் முந்தைய நாளே பால், பழம், ரொட்டி வாங்கி அறையில் வைத்துவிடுங்கள். சின்ன ஃபிரிட்ஜும் காபி மேக்கரும் அறையிலேயே உண்டு. மதியம் இரண்டு மணிக்குத் திரும்பி வந்தால் நீச்சல் குளம் உங்களுக்குத்தான். மாயன் பிரமிடு ஒன்றின் அடியில் குளம், பக்கத்திலேயே சறுக்கு. பையனுக்குப் பார்க்கைவிட அதுவே பிடித்துப்போனாலும் ஆச்சரியப்படாதீர்கள், என் மகனுக்கு அப்படித்தான் ஆனது. அப்புறம், ஐந்து மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். கணவர் ஆறு மணிக்குப் பசியோடு வந்து வரிசையில் நிற்கட்டும்.

மாநாட்டுக்கு வருபவர்களுக்குத் தனி டிக்கெட் உண்டாமே? குடும்பத்துக்கும் கிடைக்குமா?

உண்டு. மாநாட்டு அமைப்பாளர் அனுப்பும் மின்னஞ்சலில் டிஸ்னியின் தனி இணைப்பு ஒன்று இருக்கும். பலர் அதைப் படிக்காமலே அழித்துவிடுகிறார்கள். மதியத்துக்குமேல் செல்லும் டிக்கெட், சாயங்காலத்துக்குமேல் செல்லும் டிக்கெட் போன்றவை அதில்தான் கிடைக்கும், வெளியில் பொதுவாக விற்பதில்லை. கூட வரும் குடும்பத்துக்கும் வாங்கலாம். ஆனால் பெரும்பாலும் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே வாங்கியாக வேண்டும், அங்கே போய்க் கேட்டால் முழு நாள் டிக்கெட் விலைதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை பல நாட்களில் மேஜிக் கிங்டம் என்ற பார்க்கில் ஹாலோவீன், கிறிஸ்துமஸ் பார்ட்டிகள் நடக்கும். அவற்றுக்குத் தனி டிக்கெட். அந்த நாட்களில் சாதாரண டிக்கெட்காரர்களுக்கு மாலை ஆறு மணியோடு மேஜிக் கிங்டம் மூடிவிடும். ஐந்து மணி டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டு அன்றைக்கு அங்கே போனால் என்ன ஆகும்? என் சக ஊழியர் ஒருவர் போனார். கோட்டையின் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டார், திரும்பி வந்தார். தேதியையும் பார்க் மூடும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் மாலை டிக்கெட் வாங்காதீர்கள். அந்த மாதிரி நாளில் எப்காட் என்ற இன்னொரு பார்க்குக்குப் போங்கள். சாயங்காலம் போய்ச் சுற்றுவதற்கு என்றே செய்த இடம் மாதிரி இருக்கும்.

காசு கொடுத்து நீண்ட வரிசையைத் தவிர்க்கும் லைட்னிங் லேன் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். டிஸ்னி ஹோட்டல் விருந்தினர்கள் வருகைக்கு ஏழு நாள் முன்பே, தங்கும் நாட்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதிவு செய்துகொள்ளலாம். மற்றவர்களுக்கு மூன்று நாள் முன்புதான். மாலை மட்டும் போகிறவர்களுக்கு இது அவ்வளவு தேவைப்படாது என்பது என் எண்ணம். பார்க் மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வரிசைகள் தானாகவே குறையும்.

எங்கள் மாநாட்டுக்கு மூன்று ஹோட்டல்களில் அறை ஒதுக்கியிருக்கிறார்கள்: கொரனாடோ, டால்ஃபின், கன்டெம்பரரி. எதை எடுப்பது?

காசு யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கம்பெனி கொடுத்தால் கன்டெம்பரரி. 1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டத்தோடு சேர்ந்தே திறந்த ஹோட்டல் அது. மோனோரயில் கட்டடத்துக்கு உள்ளேயே புகுந்து போகும். அதைவிட முக்கியம், மேஜிக் கிங்டம் வாசலுக்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம். வாணவேடிக்கை முடிந்து ஊரே பஸ்ஸுக்கு நிற்கும்போது நீங்கள் கைவீசிக்கொண்டு நடந்து போகிற சுகம் இருக்கிறதே, அது தனி.

டால்ஃபினும் எதிரே இருக்கும் ஸ்வானும் 1990-இல் வந்தவை, கட்டட வடிவமைப்பாளர் மைக்கேல் கிரேவ்ஸ். எப்காட்டின் பின்வாசலுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பார்க்குக்கும் நடந்தே போகலாம், படகும் உண்டு. ஆனால் இவற்றை நடத்துவது டிஸ்னி இல்லை, மாரியட். அதனால் தினசரி ரிசார்ட் கட்டணம், கார் நிறுத்தக் கட்டணம் எல்லாம் தனித்தனியாக வரும். டிஸ்னியே நடத்தும் ஹோட்டல்களில் ரிசார்ட் கட்டணம் கிடையாது. தங்குகிறவர்கள் தாங்களே காரை நிறுத்திக்கொண்டால் அதற்கும் காசு இல்லை. மாநாட்டுச் சலுகை விலையை மட்டும் பார்த்து ஏமாறாமல் இதையெல்லாம் கூட்டிப் பாருங்கள். அறை வாடகைமேல் பன்னிரண்டரை சதவீத வரியும் ஏறும்.

கொரனாடோ மூன்றிலும் மலிவு. பார்க்குகளுக்கு பஸ் மட்டும்தான், மோனோரயிலும் இல்லை, படகும் இல்லை. மாநாடு அங்கேயே நடக்கிறது என்றால் யோசிக்காமல் எடுங்கள். காலையில் கூடுதலாக முக்கால் மணி நேரத் தூக்கம் கிடைப்பதற்கு விலை போட முடியாது.

நாங்கள் மாநாட்டுக்குப் போகவில்லை. விடுமுறைக்கு கொரனாடோவில் அறை போட்ட பிறகுதான் அதே வாரம் பெரிய மாநாடு என்று தெரிந்தது. ரத்து செய்யலாமா?

ரத்து செய்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை. ஏரியைச் சுற்றிப் பரந்து கிடக்கிற ஹோட்டல் அது. மாநாட்டு மண்டபங்கள் ஒரு மூலையில். அதை ஒட்டி இருக்கும் காஸிடாஸ் பகுதியிலும் கிரான் டெஸ்டினோ கோபுரத்திலும்தான் அட்டைக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். ராஞ்சோஸ் அல்லது கபானாஸ் பக்கம் அறை கேளுங்கள். ராஞ்சோஸ் என்றால் நீச்சல் குளமும் பக்கம். லாபிக்குப் பத்து நிமிடம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். ஏரி நடுவே பாலங்கள் வந்தபிறகு அந்த நடையும் சுருங்கிவிட்டது.

ஒரே சங்கடம், ஹோட்டலில் இருக்கும் நல்ல உணவகங்களில் ஒரு மாலையை யாராவது நிறுவனம் மொத்தமாக எடுத்திருக்கலாம். டிஸ்னியில் உணவக மேசைகளை அறுபது நாள் முன்பே பதிவு செய்யலாம். அங்கே தங்குகிறவர்களுக்கு அறுபதாவது நாளிலேயே தங்கும் காலம் முழுவதற்கும், அதிகபட்சம் பத்து நாள்வரை, சேர்த்துப் போட்டுக்கொள்ள முடியும். அதைச் செய்துவிடுங்கள்.

ராத்திரி சத்தம் இருக்குமா? தூக்கம் கெட்டால் எனக்கு ஒற்றைத் தலைவலி வரும்.

பார்ட்டி சத்தத்தைவிட அறைகளுக்கு இடையே இருக்கும் இணைப்புக் கதவுதான் எதிரி. ஒரு முறை பக்கத்து அறையில் இருந்தவர் மறுநாள் பேச வேண்டிய உரையை ராத்திரி பதினொன்றுக்குமேல் நான்கு தடவை ஒத்திகை பார்த்தார். ஒவ்வொரு முறையும் அதே நகைச்சுவை, அதே இடத்தில் இரண்டு விநாடி இடைவெளி. மறுநாள் அவர் பேசிய மண்டபத்தில் நானும் இருந்தேன். அந்த நகைச்சுவை வரப்போகிறது என்று தெரிந்து முன்கூட்டியே சிரித்துவிட்டேன், பக்கத்து நாற்காலிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அறை பதியும்போதே "இணைப்புக் கதவு இல்லாத அறை, லிஃப்டுக்குத் தள்ளி" என்று எழுதி வையுங்கள். உத்தரவாதம் இல்லை, ஆனால் கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கும். காதடைப்பான் எடுத்துப் போங்கள்.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, முட்டி வலி, சுத்த சைவம். கூட்டிப் போகலாமாம்மா?

தாராளமாக, ஐயா. கொரனாடோ என்றால் கிரான் டெஸ்டினோ கோபுரத்திலேயே அறை எடுங்கள். லாபி, லிஃப்ட், அறை, பஸ் நிறுத்தம் எல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கும். மற்ற பகுதிகளில் அம்மா ஒரு நாளைக்கு நடக்கிற தூரத்தை நீங்கள் ஒரு வாரத்தில் நடப்பதில்லை. சக்கர நாற்காலி பற்றி, பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பெல் சர்வீஸில் கேளுங்கள். பஸ்களில் சக்கர நாற்காலி ஏற்றச் சாய்தளம் உண்டு.

சைவத்துக்கு இப்போது எங்கேயும் பஞ்சமில்லை. அம்மாவுக்குப் பழகின ருசி வேண்டுமென்றால் அனிமல் கிங்டம் லாட்ஜில் சனா என்று ஒரு உணவகம். நாண் ரொட்டி வகைகளும் தொட்டுக்கொள்ள ஒன்பது வகையும் வரும், ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். கொரனாடோவிலிருந்து டாக்ஸியில் போனால் கிட்டத்தில்தான். மாநாட்டுப் பெருவிருந்தில் அம்மாவை உட்கார வைக்காதீர்கள், அங்கே சைவம் என்றால் சில நேரம் வேகவைத்த காய்தான்.

கதவில் தொங்கவிட "தொந்தரவு செய்யாதீர்" பலகை இருக்குமா? குழந்தை மதியம் தூங்குவாள்.

அந்தப் பலகையை டிஸ்னி 2017 கடைசியிலேயே எடுத்துவிட்டது. இப்போது "அறையில் ஆள் இருக்கிறார்" என்ற பொருளில் ஒன்று இருக்கும். அது தொங்கினாலும் பாதுகாப்புக்காக ஊழியர்கள் கதவைத் தட்டி எட்டிப் பார்க்கலாம். காலையிலேயே ஹவுஸ்கீப்பிங்குக்குப் போன் போட்டுக் குழந்தை தூங்கும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.

கம்பெனி அறைக்குப் பணம் கட்டுகிறது. எங்கள் சொந்தச் செலவை எப்படிப் பிரிப்பது?

செக்-இன் செய்யும்போதே சொல்லுங்கள். அறை வாடகை ஒரு கணக்கு, மற்றதெல்லாம் என் கார்டு என்று பிரித்துவிடுவார்கள். முதல் முறை நான் இதைச் செய்யவில்லை. பிள்ளைகள் டிஸ்னியின் கைப்பட்டையான மேஜிக் பேண்டைத் தட்டித் தட்டி வாங்கியது எல்லாம் அறைக் கணக்கில் ஏறி, அலுவலகத்துக்குப் போன பில்லில் ஐஸ்கிரீம், ஐஸ்கிரீம், நீர்க்குமிழி ஊதும் பொம்மை, ஐஸ்கிரீம் என்று இருந்தது. மேலாளர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நீர்க்குமிழி பொம்மை வரியை மட்டும் மஞ்சளில் அடிக்கோடிட்டு அனுப்பியிருந்தார்.

கடைசி நாள் எப்படிச் சமாளிப்பது?

செக்-அவுட் பதினோரு மணி, மாநாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அதே பதினோரு மணி. பத்தேமுக்காலுக்கு லிஃப்ட் வாசலில் பெட்டிகளோடு நிற்கும் கூட்டத்தில் சேராதீர்கள். ஒன்பது மணிக்கே பெட்டிகளைக் கீழே கொண்டுபோய் பெல் சர்வீஸில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். முன்மேசையில் போய் நிற்க வேண்டியதில்லை, செக்-அவுட் டிஸ்னியின் மொபைல் ஆப்பிலேயே முடியும். விமான நிலையத்துக்கு இலவசமாக ஓடிய டிஸ்னி பஸ் 2022 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. காசு கொடுத்துப் போகும் ஷட்டில் அல்லது டாக்ஸிதான். ஷட்டில் என்றால் முந்தைய நாளே பதியுங்கள். டாக்ஸி என்றால் மதியம் பன்னிரண்டு மணிவாக்கில் விலை ஏறியிருக்கும், சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கூப்பிடுங்கள்.

ஜூலையில் போகிறோம். என்ன உடை எடுத்துப் போவது?

வெளியே வேர்த்துக் கொட்டும். பிற்பகலில் பல நாள் இடி மின்னலோடு ஒரு மழை அடித்து ஓயும். அதற்கு ரெயின்கோட். மாநாட்டு மண்டபத்துக்குள் ஏசி குளிர் எலும்பைத் தொடும். அதற்கு ஸ்வெட்டர்.