வெளிச்சம் குறைந்த இடத்தில் வேலை செய்ய எந்த ஆட்டோ டார்க்கனிங் வெல்டிங் ஹெல்மெட் வாங்கலாம்?

ஆட்டோ டார்க்கனிங்னா ஆர்க் (வெல்டிங் தீப்பொறி) அடிச்சதும் கண்ணாடி தானாவே கருக்குற ஹெல்மெட். அது எவ்வளவு கருப்பாகும்ங்கற நம்பர் 13 வரைக்கும் போகணுமா, எவ்வளவு வேகத்துல கருக்கணும்னு கேட்டிருக்கீங்க. நானும் முதல் ஹெல்மெட் வாங்கும்போது இதையேதான் கேட்டேன். கண்ணு வீங்கின பிறகுதான் தப்பான கேள்வின்னு புரிஞ்சுது.

குன்னூர் பக்கம் 22 வருஷமா பட்டறை வச்சிருக்கேன். பகல்ல கேட், கிரில். ராத்திரி டீ பேக்டரியில இருந்து போன் வந்தா மெஷினைத் தூக்கிட்டு ஓடணும். உங்க கேள்வியைப் பார்த்தா நீங்களும் மொட்டை மாடி வெயில்ல நின்னு ஒட்டறவர் இல்லைன்னு தெரியுது.

அன்னைக்கு ராத்திரி பேக்டரியில, தேயிலை வாட்டுற ட்ரஃப்புக்கு (நீளத் தொட்டி) கீழ, வலையைத் தாங்குற இரும்பு ஆங்கிள் ஒட்டு விட்டுப்போச்சு. மேல இலை கிடக்கு, ஃபேனை நிறுத்தி வச்சிருக்காங்க. "மேஸ்திரி, ஒரு மணி நேரம்தான். அதுக்கு மேல இலை சூடாயிடும்"னு டீமேக்கர் (தூள் தயாரிப்பைப் பார்த்துக்கறவர்) வாசல்லயே நிக்கிறார். காத்து போற அந்த அறைக்குள்ள மல்லாக்கப் படுத்துத்தான் ஒட்டணும். வெளிய ஒரே ஒரு டியூப்லைட். புது ஹெல்மெட்டை இறக்கினேன். ஆங்கிளும் தெரியல, வெல்டிங் ராடு முனையும் தெரியல. பாசி பிடிச்ச கிணத்துக்குள்ள எட்டிப் பார்த்த மாதிரி ஒரே பச்சை இருட்டு.

ஹெல்மெட்டைத் தூக்கி ராடை இடத்துல வைப்பேன். தலையை ஆட்டி இறக்கினா ராடு நகர்ந்திடும். அஞ்சாறு தடவை இப்படியே போச்சு. சரிதான்னு தூக்கி விட்டுட்டு, கண்ணை மூடி பத்துப் பன்னிரண்டு டேக் (இரும்பு நகராம இருக்க வைக்கிற சின்னப் பொட்டு ஒட்டு) அடிச்சேன். (இப்பவே கமெண்ட்ல திட்ட வருவீங்க, தெரியும். 22 வருஷ அனுபவம் இருந்தும் செஞ்சது முட்டாள்தனம்தான்.) விடியக்காலை மூணு மணிக்கு ரெண்டு கண்ணுலயும் மணலை அள்ளிக் கொட்டின மாதிரி ஆயிடுச்சு. வீட்ல உருளைக்கிழங்கைச் சீவிக் கண்ணு மேல வச்சாங்க. ஊட்டி உருளைக்கிழங்கு எதுக்கெல்லாம் பயன்படுது பாருங்க. குளிர்ச்சியா இருந்துச்சு, அவ்வளவுதான். காலையில டாக்டர் கண்ணுல மஞ்சள் சாயம் விட்டு, நீல விளக்குல பார்த்துட்டு, கருவிழி மேல்தோல் பொத்தல் பொத்தலா இருக்குன்னார். மரத்துப்போற சொட்டு மருந்து கேட்டேன். அதை வீட்டுக்குத் தர முடியாது, போட்டா புண் ஆறுறது தள்ளிப்போகும்னுட்டார். ரெண்டு நாள் வேலை போச்சு.

அப்புறம்தான் கண்ணாடி ஓரத்துல இருந்த பொடி எழுத்தைப் படிச்சேன். 4/9-13. எல்லாரும் பின்னாடி இருக்கிற 9-13ஐத்தான் பார்ப்போம், அது ஆர்க் அடிச்ச பிறகு எவ்வளவு கருக்கும்ங்கறது. முன்னாடி இருக்கிற 4 இருக்கே, அதுதான் ஆர்க் அடிக்கறதுக்கு முன்னாடி கண்ணாடி எவ்வளவு கருப்புங்கறது. 3ஆ இருந்தா 100 பங்கு வெளிச்சத்துல ஏறக்குறைய 14 பங்கு கண்ணுக்கு வரும். 4ஆ இருந்தா வெறும் 5 பங்கு. வெயில்ல இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ட்ரஃப்புக்குள்ள அதுதான் எல்லாமே. உங்களுக்கு 3 வேணும், அதைவிடக் குறைஞ்சது கிடைச்சா இன்னும் நல்லது.

பக்கத்துலயே 1/1/1/2 மாதிரி, கண்ணாடியோட தரத்தைச் சொல்ற நாலு எண் இருக்கும். 1 நல்லது, 3 மட்டம். கடைசி எண், சாய்ச்சுப் பார்த்தா கருப்பு எவ்வளவு மாறுதுங்கறதைச் சொல்லும். படுத்துக்கிட்டு ஒட்டறவங்களுக்கு அது முக்கியம். ஆர்க் வெளிச்சத்தைக் கண்டுபிடிக்கிற சென்சார் நாலு இருக்கட்டும். ரெண்டுதான்னா, ஒரு பைப் ரெண்டையும் மறைச்சுட்டா கண்ணாடி கருக்காம நின்னுடும். பேட்டரி நகத்தால இழுத்தா வெளிய வர்ற தட்டுல இருக்கணும். உள்ளயே மூடி ஒட்டினது தீர்ந்துபோனா தூக்கிப் போட வேண்டியதுதான். வேகத்தைப் பத்திக் கவலையே வேண்டாம், இப்ப வர்றது எல்லாம் கண் சிமிட்டறதைவிட வேகம். நம்ம ஊர் ஜனவரிக் குளிர்ல மட்டும் கொஞ்சம் மந்தமாகும். ராத்திரி பூரா பிக்கப்ல கிடந்ததுன்னா, பத்து நிமிஷம் ஜெர்கினுக்குள்ள வச்சுட்டு மாட்டுங்க.

கம்பெனி பேர் கேட்காதீங்க. சொன்னா கமிஷன் வாங்கினேன்பீங்க. கடையில பின்பக்க குடோனுக்குப் போய், ஹெல்மெட்டை இறக்கிக்கிட்டு, ராடு பாக்கெட்ல இருக்கிற ஆம்பியர் எண்ணைப் படிச்சுப் பாருங்க. படிக்க முடியலைன்னா வேண்டாம். நான் அப்படித்தான் கோயம்புத்தூர்ல ரெண்டாவது வாங்கினேன். சனிக்கிழமை போனது என் தப்பு. திரும்பி வரும்போது பர்லியாறுல ரெண்டரை மணி நேரம் நின்னேன். 2024 மே மாசத்துல, நீலகிரிக்கு வர்ற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் கொண்டு வந்தாங்க, வண்டி என்னவோ குறைஞ்ச மாதிரி தெரியல. டி.என். 43க்காரன், அதாவது நீலகிரி வண்டிக்காரன், தன் வீட்டுக்குப் போகவும் வரிசையில நிக்கணும்.

ஐ.டி.ஐ. படிச்சவங்க ஒண்ணு சொல்லுவாங்க, நானே சொல்லிடறேன். கருக்காட்டியும், இறக்கி வச்ச ஹெல்மெட் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். ரொம்பச் சரி. எனக்குக் கண்ணு போனது ஹெல்மெட்டால இல்லை, தூக்கினதால. ஆனா எதுவுமே தெரியாத கண்ணாடியைக் கொடுத்தா எந்த ஆளும் தூக்கத்தான் செய்வான். நல்ல ஹெல்மெட் வாங்கினாலும் 200 ரூபாய்க்குக் காந்தம் வச்ச லைட் ஒண்ணு வாங்கி, ஒட்டற இடத்துக்குப் பக்கத்துலயே வைங்க. சென்சாருக்கு நேரா அடிக்காம பார்த்துக்கோங்க, சும்மா சும்மா கருக்கும்.

4ஆம் நம்பர் ஹெல்மெட் இப்ப பட்டறையில தம்பிகிட்ட இருக்கு, வெயில்ல கேட் ஒட்டறான். அந்த ராத்திரி வேலைக்கு வர வேண்டிய 1,800 ரூபாய் மட்டும் இன்னும் வரல. கேட்டா, ஏலத்துல தேயிலைத் தூள் விலை ஏறட்டும்ங்கறாங்க.