ஜெர்மனி போஸ்டிங்: முன்பணம் வாங்கி அண்ணனுக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் கணவர் அமெரிக்க ராணுவத்தில் ஸ்டாஃப் சார்ஜன்ட். நான்கு மாதத்தில் டெக்சாஸிலிருந்து ஜெர்மனிக்கு மூன்று வருட போஸ்டிங். நானும் இரண்டு பிள்ளைகளும் கூடப் போகிறோம். பிடித்தம் போக அவர் சம்பளம் 3,500 டாலர், சாப்பாட்டுப் படி 465, வீட்டுப் படி 1,800 (வாடகை 1,300). என் வேலையில் 1,500 வருகிறது. கார் லோன் 640. சேமிப்பு 6,000. ஊரில் வீடு கட்டும் அண்ணனுக்கு இரண்டு வருடமாக மாதம் 700 அனுப்புகிறோம். இப்போது ரூஃப் கான்கிரீட்டுக்கு 9,000 கேட்கிறார். இடமாற்றத்துக்கு மூன்று மாதச் சம்பளத்தை வட்டியில்லாமல் முன்பணமாகத் தருகிறார்கள். அதை வாங்கி அனுப்பிவிட்டு, ஜெர்மனியில் கிடைக்கும் கூடுதல் அலவன்ஸில் அடைத்துவிடலாமா? ஏஜென்ட் ஒருவர் ஐ.யு.எல். (பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைந்த ஆயுள் காப்பீடு) பாலிசியும் போடச் சொல்கிறார். குழப்பமாக இருக்கிறது.

பதில்: பாஸ்போர்ட், மெடிக்கல் ஸ்க்ரீனிங், பேக்கிங் பற்றியெல்லாம் யூனிட்டிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருப்பார்கள். அதை விடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது ‘கூடுதல் அலவன்ஸ்’ என்ற சொல். அப்படி ஒன்று வரப்போவதில்லை.

டெக்சாஸில் வீட்டுப் படி 1,800, வாடகை 1,300. மிச்சம் 500 உங்களுக்கே. அண்ணனுக்குப் போகும் 700-ல் பெரும்பகுதி இதுதான். வெளிநாட்டில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே தருவது ஓ.எச்.ஏ. என்ற வெளிநாட்டு வீட்டுப் படி: உச்சவரம்புக்குள் நீங்கள் உண்மையில் கொடுக்கும் வாடகை மட்டும்தான் வரும். மின்சாரம், தண்ணீருக்குத் தனித் தொகை உண்டு. சின்ன வீடாகப் பார்த்துப் போனால் அந்த லாபம் உங்களுக்கு வராது, அரசாங்கத்துக்குப் போகும். உங்கள் 1,500-ம் நின்றுவிடும். முகாமுக்குள் வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆகுமோ, அதுவரை பூஜ்யம் என்றே எழுதுங்கள்.

கோலா என்ற விலைவாசிப் படி வரும்தான். ஆனால் அது அங்குள்ள விலையை ஈடுகட்டத் தருவது. டாலர் வலுத்தால் குறையும். பேச்சுக்கு 400 என்று வைப்போம்.

வாடகை போக இன்று கைக்கு வருவது 3,500 + 465 + 500 + 1,500 = 5,965. காரும் அண்ணனும் போக 4,625.

ஜெர்மனியில் 3,500 + 465 + 400 = 4,365. முன்பணம் பிடித்தம் போக மூன்று மாதச் சம்பளம், அதாவது சுமார் 10,500. அதைப் பன்னிரண்டு மாதத்தில் பிடிப்பார்கள், மாதம் 875. மிச்சம் 3,490. காரும் அண்ணனும் போக 2,150. இதில் நான்கு பேர் சாப்பாடு, பெட்ரோல், போன், இன்ஷூரன்ஸ். வட்டி இல்லை என்பதால் அது கடன் இல்லை என்று ஆகிவிடாது. நாளைய சம்பளத்தை இன்றே எடுத்து ஊருக்கு அனுப்புகிறீர்கள்.

அந்த முன்பணம் எதற்கு இருக்கிறது தெரியுமா? போய் இறங்கியதும் வீடு கிடைக்கும்வரை ஹோட்டல். டி.எல்.ஏ. என்ற தற்காலிகத் தங்கும் படி அதை ஈடுகட்டும், ஆனால் பெரும்பாலும் ரசீது கொடுத்த பிறகுதான். அதுவரை உங்கள் கார்டுதான் தாங்க வேண்டும். வீட்டு டெபாசிட் அங்கே மூன்று மாத அடிப்படை வாடகைவரை கேட்கலாம். அதை மூன்று தவணையாகக் கட்ட ஜெர்மன் சட்டமே இடம் தருகிறது. இதைப் பலரும் கேட்பதே இல்லை. குளிர்கால டயர் வேறு. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினை முகாமிலேயே இரவல் தருவார்கள், வாங்க வேண்டாம். அமெரிக்க 120 வோல்ட் சாமான்களுக்கு டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படும். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸி பரணில் கிடந்தால் எடுத்துவையுங்கள், பிளக்கை மட்டும் மாற்றினால் அங்கே அப்படியே ஓடும்.

ஆகவே முன்பணம் ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம். 3,500 என்றால் பிடித்தம் மாதம் 290 சொச்சம். அது கையிருப்புக்கு மட்டும். சேமிப்பு 6,000-ல் கை வைக்காதீர்கள்.

அண்ணன் விஷயம். கிளம்பும்வரை மாதம் 400, போன பிறகு 200, அதுவும் உங்களுக்கு வேலை கிடைத்தால். இதை இந்த வாரமே சொல்லிவிடுங்கள். ‘ஃபாரின் போஸ்டிங்னா டபுள் சம்பளம்தானே’ என்பார். மேலே உள்ள இரண்டு கணக்கையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தூண் கம்பி துருப்பிடிக்கும் என்று அவசரப்படுத்தினால், வெளியே நீட்டியிருக்கும் கம்பிக்குச் சிமென்ட் பால் பூசச் சொல்லுங்கள். கொத்தனாருக்கே தெரிந்த வேலை. ரூஃப் அடுத்த வருடம் போடலாம். பேசுவது நீங்களாக இருக்கட்டும். மாப்பிள்ளை பேசினால் வேறு அர்த்தம் வரும்.

ஐ.யு.எல். பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆயுள் காப்பீட்டுக்கு எஸ்.ஜி.எல்.ஐ. என்ற ராணுவத்தினருக்கான குழுக் காப்பீடு 5 லட்சம் டாலர்வரை சொற்பப் பிரீமியத்தில் இருக்கிறது. புதிய ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தால் டி.எஸ்.பி. என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் அவர் 5% போட, அரசாங்கமும் 5% போடும். அதை நிறுத்தாதீர்கள். ‘வரியில்லா வருமானம், நஷ்டமே கிடையாது’ என்று படம் காட்டும் ஏஜென்டிடம், மூன்றாம் வருடம் நிறுத்தினால் கையில் எவ்வளவு வரும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவர் போன் செய்வது குறையும்.

இரண்டு வேலைகளைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு காரை அரசாங்கம் கப்பலில் அனுப்பும், ஆனால் லோன் இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதக் கடிதம் வேண்டும். அது கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். இன்றே கேளுங்கள். ரீகால் (பழுதுக்காகக் கம்பெனி திரும்ப அழைத்தது) எதுவும் பாக்கி இருக்கக் கூடாது, டேங்கில் கால் பங்குக்கு மேல் பெட்ரோல் இருக்கக் கூடாது. ‘போவதற்கு முன் புது வண்டி’ என்று அழைக்கும் டீலர் பக்கம் போகவே வேண்டாம். லீஸ் எடுத்த வண்டி என்றால் இந்தப் போஸ்டிங்கைக் காட்டித் திருப்பிக் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. கடனில் வாங்கியதற்கு அந்த வசதி இல்லை.

அடுத்தது வாடகை ஒப்பந்தம். இடமாற்ற ஆர்டர் நகலோடு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால் அபராதம் இல்லாமல் முடியும், ஆனால் அடுத்த வாடகைத் தேதியிலிருந்து 30 நாள் கழித்துத்தான். வாடகை ஒன்றாம் தேதி என்றால், ஜூன் 29-ல் கொடுத்தால் ஜூலை கடைசியோடு விடுதலை. சோம்பலில் ஜூலை 2-ல் கொடுத்தால் ஆகஸ்ட் கடைசி. மூன்று நாள் தாமதத்துக்கு 1,300 டாலர்.